சிறைக்குள் தண்டனை: கைதிக்கு என்ன உரிமை இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறையில் இருக்கும் மகனையோ அண்ணனையோ மனு பார்த்துவிட்டு (சிறையில் நேரில் சந்திப்பதை அப்படித்தான் சொல்வார்கள்) வெளியே வருகிறவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் வழக்கைப் பற்றி இருக்காது. "தனி செல்லில் போட்டிருக்கிறார்களாம், அப்படிப் போடலாமா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியும் அதிலிருந்து கிளைக்கும் மற்றவையும் இங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சிறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இதில் வரும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். இது பொதுவான விளக்கம். குறிப்பிட்ட ஒருவரின் நிலைமைக்கு அவருடைய காகிதங்களைப் பார்த்த வழக்கறிஞர்தான் ஆலோசனை சொல்ல முடியும்.

நீதிமன்றம் ஏற்கெனவே தண்டித்துவிட்டது. சிறைக்குள் இன்னொரு தண்டனை எப்படி வருகிறது?

1894-ம் ஆண்டின் சிறைகள் சட்டத்திலிருந்து வருகிறது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம்தான், இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன் 45-வது பிரிவு ‘சிறைக் குற்றங்கள்’ என்று ஒரு பட்டியல் போடுகிறது. அவற்றுக்கான தண்டனைகளை 46-வது பிரிவு சொல்கிறது. அன்றாட நடைமுறைக்கு 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகள் உள்ளன. அரசியலமைப்பின்படி சிறை மாநிலப் பொருள் என்பதால், மத்திய அரசு 2023-ல் அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம் ஒரு மாதிரி மட்டுமே. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. சிறைக் கதவுக்குள் போனதும் அடிப்படை உரிமைகள் வாசலில் கழன்று விழுந்துவிடுவதில்லை என்பதை 1978-ல் வந்த சுனில் பத்ரா வழக்கு முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது.

எதெல்லாம் சிறைக் குற்றம்?

45-வது பிரிவில் பதினாறு வகைகள் உள்ளன. தாக்குதல், மிரட்டல் பேச்சு, வேலை செய்ய மறுத்தல், சிறைச் சொத்தைச் சேதப்படுத்துதல், தடை செய்யப்பட்ட பொருளை வைத்திருத்தல், நோய் நடிப்பு, தப்பிக்கச் சதி என்று பட்டியல் நீள்கிறது. பதிவேடுகளைத் திருத்துவதும் ஹிஸ்டரி டிக்கெட்டை, அதாவது கைதியைப் பற்றிய சிறைப் பதிவு அட்டையை, சிதைப்பதும்கூடக் குற்றம்தான். ‘ஒழுங்கீனமான நடத்தை’ என்ற வகையைத்தான் கவனிக்க வேண்டும். அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம், அடைக்கவும் செய்கிறார்கள். குற்றச்சாட்டில் அந்தச் சொல் மட்டும் இருந்து, என்ன நாள், என்ன நேரம், யாரிடம், என்ன செய்தார் என்ற விவரம் இல்லையென்றால், அந்த இடத்திலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

என்ன தண்டனைகள் கொடுக்கலாம்?

சட்டத்தில் எழுதியிருப்பவை மட்டும். 49-வது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: நீதிமன்ற உத்தரவு இல்லாமல், பட்டியலில் இல்லாத எந்தத் தண்டனையையும் எந்தக் கைதிக்கும் கொடுக்கக் கூடாது. அடிப்பது, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது எதற்கும் சட்டத்தில் இடம் கிடையாது. அவை தண்டனை என்ற கணக்கிலேயே வராது. கொடுத்தவர் மீது வழக்குப் போட வேண்டிய குற்றங்கள் அவை.

பட்டியலில் இருப்பவை: முறையான எச்சரிக்கை, கடினமான வேலைக்கு மாற்றுதல், தண்டனைக் கழிவில் (நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் குறைக்கப்படும் நாட்களில்) இழப்பு, முரட்டுத் துணி, கைவிலங்கு, கால் விலங்கு, மூன்று மாதம் வரை பிரித்து வைத்தல், தொடர்ந்து 96 மணி நேரத்துக்கு மேற்படாமல் உணவுக் குறைப்பு, 14 நாள் வரை செல் அடைப்பு. மூலச் சட்டத்தில் முப்பது வரை சவுக்கடியும் இருந்தது. 1894-ல் எழுதியவர்களின் மனநிலைக்கு அதுவே சாட்சி. இவற்றில் பலவற்றை இன்று அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. விலங்கு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1978-லும் 1980-லும் போட்ட கட்டுப்பாடுகள் கடுமையானவை. பெண் கைதிகளுக்கு விலங்கு மாட்டுவதை 46-வது பிரிவே தடுக்கிறது.

உணவுக் குறைப்புக்கும் கடின வேலைக்கும் முன்பு மருத்துவ அலுவலர் கைதியைப் பரிசோதித்து, தாங்கக்கூடியவர் என்று சான்று தர வேண்டும். இது 50-வது பிரிவு.

வார்டரோ ஜெயிலரோ தண்டனை கொடுக்கலாமா?

கூடாது. சிறைக் கண்காணிப்பாளர் மட்டுமே கொடுக்கலாம். அவருக்குக் கீழே உள்ள எந்த அலுவலருக்கும் எந்தத் தண்டனையும் கொடுக்கும் அதிகாரம் இல்லை என்று 48-வது பிரிவு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பிரித்து வைத்தல் ஒரு மாதத்தைத் தாண்டினால் கண்காணிப்பாளருக்கே அதிகாரம் போதாது, சிறைத்துறைத் தலைவரின் முன் ஒப்புதல் வேண்டும். "தலைமை வார்டர் சொன்னார், பிளாக்கை மாற்றினார்கள், இரண்டு வாரம் வெளியே விடவில்லை" என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்ட உத்தரவு எங்கே?

தண்டிக்கும் முன் விசாரணை கட்டாயமா?

கட்டாயம். 46-வது பிரிவே கண்காணிப்பாளர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்று 1894 சட்டம் விரிவாகச் சொல்லாதது உண்மை. அந்த இடைவெளியை அரசியலமைப்பின் 21-வது பிரிவும், பாரபட்சமில்லாமல் இரு தரப்பையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்னும் இயற்கை நீதிக் கொள்கைகளும் நிரப்புகின்றன. ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்றால் அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சிறைச் சுவர் அதற்கு விலக்கு ஆகாது.

நடைமுறையில் இதன் பொருள்: குற்றச்சாட்டு என்ன என்று கைதிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். அவர் பக்கத்துச் சாட்சி இருந்தால் கேட்க வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி ஒருவரைத் தமிழில் விசாரித்துக் கைநாட்டு வாங்கினால் அது விசாரணை ஆகாது.

1980-ல் முடிவான கிஷோர் சிங் வழக்கு இங்கே நினைவில் வைக்கத்தக்கது. ராஜஸ்தான் சிறையில் கைதிகளை எட்டு மாதம் முதல் பதினொரு மாதம் வரை தனி அறைகளில் அடைத்திருந்தார்கள், விலங்கும் மாட்டியிருந்தார்கள். சொல்லப்பட்ட காரணங்கள்: சிறைக்குள் சுற்றித் திரிந்தது, மரியாதையில்லாமல் நடந்துகொண்டது, ஹிஸ்டரி டிக்கெட்டைக் கிழித்தது. இவை அற்பக் காரணங்கள் என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. நியாயமான நடைமுறை இல்லாமல் ஒருவரைத் தனி அறையில் அடைக்க முடியாது என்பதையும் உறுதிப்படுத்தியது. காரணம் என்று ஏதோ ஒன்று எழுதியிருந்தால் போதாது, அந்தக் காரணம் தண்டனையின் எடையைத் தாங்க வேண்டும்.

கண்காணிப்பாளரே குற்றம் சாட்டுகிறவர், அவரே நீதிபதி. இது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலை உச்ச நீதிமன்றம் 1979 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. வழக்கறிஞர்களில்கூடப் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரை ஒரு வார்டர் பணம் பறிப்பதற்காகச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பு ‘சுனில் பத்ரா இரண்டாம் வழக்கு’ என்று அழைக்கப்படுகிறது. அதன் மையக் கட்டளை இது: தனிமைச் சிறை, தண்டனை செல், கூடுதல் வேதனையாகக் கடின வேலை அல்லது உணவு மாற்றம், வேறு எந்தத் தண்டனையும், சலுகை மறுப்பும், தண்டனைத் தன்மையுள்ள சிறை மாற்றமும் அமர்வு நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் நடக்கக் கூடாது. அவசரத்தால் முன்கூட்டித் தெரிவிக்க முடியாமல் போனால், நடவடிக்கை எடுத்த இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும்.

சலுகை மறுப்பும் இதில் அடங்கும் என்பதைத் திரும்பவும் படியுங்கள். கேண்டீனை நிறுத்துவதற்குக்கூட இந்தக் கட்டளை பொருந்தும்.

அதே தீர்ப்பு வேறு சிலவற்றையும் சொன்னது. அமர்வு நீதிபதியும் ஆட்சியரும் சிறைக்குப் போய்க் கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும். அவர்கள் பொறுப்பில் புகார்ப் பெட்டிகள் வைக்க வேண்டும், எல்லாக் கைதிகளும் அவற்றை அணுக முடிய வேண்டும். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர்கள் கைதிகளுடன் ரகசியமாகப் பேச வசதி வேண்டும். கைதிகளின் உரிமைகளை அவர்கள் மொழியில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

நான்கு தசாப்தங்களுக்கு மேல் ஆகிவிட்டன. ஒவ்வொரு தண்டனையும் அமர்வு நீதிபதியின் மேசைக்குப் போகிறதா என்றால், போகிறது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் குறைவு. ஆனால் கட்டளை சாகவில்லை. அது மீறப்பட்டிருந்தால், உயர் நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டிய முதல் வாதம் அதுதான். "எந்தத் தேதியில் அமர்வு நீதிபதிக்குத் தெரிவித்தீர்கள்?" என்ற ஒரே கேள்விக்குச் சிறை நிர்வாகம் தேதி சொல்ல முடியாமல் நின்றால் மனுவுக்குப் பாதி பலம் வந்துவிடும்.

"இது தண்டனை இல்லை, நிர்வாக நடவடிக்கை" என்கிறார்களே?

சிறைக்குள் நடக்கும் தண்டனைகளில் பெரும்பகுதி இந்தச் சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. உயர் பாதுகாப்புத் தொகுதிக்கு மாற்றம். ‘பாதுகாப்புக் கருதி’ தனி அறை. தொலைபேசி வசதி நிறுத்தம். மனு பார்க்க வந்த அம்மாவை நாள் முழுக்கக் காக்க வைத்துத் திருப்பி அனுப்புதல். சொந்த ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள மத்திய சிறைக்கு மாற்றம். இவற்றில் எதுவும் தண்டனைப் பதிவேட்டில் ஏறாது. ஏறாத தண்டனையை எதிர்த்து முறையீடு செய்வது கடினம். அதனால்தான் அது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கிறது.

இதற்கு மருந்து, பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார்ப்பது. பத்ரா தீர்ப்பு அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதப்பட்டது. தண்டனை விளைவுள்ள இடமாற்றம் என்று அது தனியாகக் குறிப்பிட்டது சும்மா இல்லை. கைதியோ குடும்பமோ செய்ய வேண்டியது, அந்த நடவடிக்கைக்குப் பெயர் வைக்கும்படி எழுத்தில் கேட்பது. "என் மகன் இந்தத் தேதி முதல் தனி அறையில் இருக்கிறார். இது தண்டனையா? ஆம் என்றால் உத்தரவின் நகல் தேவை. இல்லை என்றால் எந்த விதியின்கீழ், எத்தனை நாளுக்கு என்று தெரிவிக்கவும்." மூன்று வாக்கியம் போதும். கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை அமர்வு நீதிபதிக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் உங்களிடம் ஆவணம் இருக்கும். வராவிட்டால் பதில் சொல்லாததற்கு ஆவணம் இருக்கும்.

உண்மையான பாதுகாப்புத் தேவையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இரண்டு கோஷ்டிகளை ஒரே பிளாக்கில் வைத்தால் கொலை விழும், அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பிரிப்புக்கும் காரணம், காலவரை, மறுபரிசீலனை மூன்றும் இருக்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பிரிக்கப்பட்டவருக்குக் கேண்டீனையும் மனுவையும் எதற்கு நிறுத்த வேண்டும்?

செல்லில் ஒரு போன் கிடைத்தது. அறையில் ஐந்து பேர். ஐவரையும் தண்டிக்கலாமா?

தண்டிக்கப்படுகிறவர் தடைப் பொருளை வைத்திருந்தார் என்று காட்ட வேண்டும். ஒரே அறையில் படுத்திருந்தார் என்பது அதற்குப் போதாது. பொருள் எங்கே கிடைத்தது, யாருடைய படுக்கை, யாருடைய பை, சோதனையின்போது யார் இருந்தார்கள், போனில் யாருடைய எண்ணுக்குப் பேசியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். அழைப்புப் பட்டியலை எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். அதை எடுக்காமல் ஐவருக்கும் மனு நிறுத்தினால் அது கூட்டுத் தண்டனை.

கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றி ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 43-வது விதி கூட்டுத் தண்டனையை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்த விதிகள் இங்கே நேரடிச் சட்டம் ஆகாது. ஆனாலும் 14, 21-வது பிரிவுகளுக்குப் பொருள் கொள்ளும்போது நீதிமன்றத்தில் தாராளமாக எடுத்துக்காட்டலாம்.

குறைந்த அளவு ஆதாரம் போதும் என்பது உண்மைதான். குற்றவியல் நீதிமன்றத்தைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்த ஆதாரம் என்பது ஆதாரமே இல்லாத நிலைக்கு வேறு பெயர் கிடையாது. பெரிய சிறைக் குற்றம் என்றால் அதை நிரூபித்த சாட்சிகளின் பெயரைத் தண்டனைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சிறைகள் சட்டத்தின் 51-வது பிரிவு கட்டளையிடுகிறது. ஐந்து பேர் மீதும் ஒரே சாட்சியின் பெயரில் ஒரே வரி எழுதப்பட்டிருந்தால், ஐந்து விசாரணையும் நடக்கவில்லை என்று வாதாட அதுவே இடம் கொடுக்கும்.

விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

கண்காணிப்பாளர் முன் நடக்கும் சிறு விசாரணைக்கு வழக்கறிஞர் உடன் இருக்கும் உரிமை என்று 1894 சட்டத்தில் எதுவும் இல்லை. கடுமையான குற்றச்சாட்டுகளில் சட்ட உதவி தேவை என்கிறது மண்டேலா விதி 41. கேட்பதில் தவறில்லை, எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பும் பதிவாகட்டும்.

வக்கீலைச் சந்தித்து ஆலோசனை பெறும் உரிமை வேறு, அது அசைக்க முடியாதது. குடும்பத்தையும் வழக்கறிஞரையும் சந்திப்பது 21-வது பிரிவின் பகுதி என்று 1981-ல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தடுப்புக் காவலில் இருந்தவரின் வழக்கு. தடுப்புக் காவலில் உள்ளவருக்கே அந்த உரிமை என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘தண்டனையில் இருக்கிறார்’ என்று சொல்லி வழக்கறிஞரைத் திருப்பி அனுப்ப முடியாது.

பணம் இல்லாதவருக்கு: 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

"மன்னிப்பு எழுதிக் கொடு, எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறோம்" என்கிறார்கள். எழுதலாமா?

யோசித்து எழுத வேண்டும். முறையான எச்சரிக்கை என்பதும் சட்டப்படி ஒரு தண்டனைதான். அது தண்டனைப் பதிவேட்டிலும் ஹிஸ்டரி டிக்கெட்டிலும் ஏறும். நாளைக்குப் பரோல் கேட்கும்போது எடுத்துக் காட்டப்படும். அதே சம்பவத்துக்கு வெளியே போலீஸ் வழக்கு வர வாய்ப்பிருந்தால், மன்னிப்புக் கடிதம் அங்கேயும் பயணிக்கும். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவின் பாதுகாப்பை ஒரு வெள்ளைத் தாளில் கைவிட்டுவிட வேண்டாம். "வழக்கறிஞரைச் சந்தித்த பிறகு எழுதுகிறேன்" என்று பணிவாகச் சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தச் சூழலிலும் வேண்டாம்.

சிறையிலும் தண்டித்து, அதே செயலுக்கு எஃப்.ஐ.ஆரும் போடலாமா?

பெரிய குற்றத்துக்குச் சிறையின் தண்டனை போதாது என்று கண்காணிப்பாளர் கருதினால், சிறைகள் சட்டத்தின் 52-வது பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் அனுப்பலாம். அவர் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அடிதடி, கொலை முயற்சி போன்றவற்றுக்குத் தனியாகக் காவல் நிலையத்தில் வழக்குப் பதியும்போது நிலைமை சிக்கலாகும். துறை நடவடிக்கையும் குற்ற வழக்கும் வெவ்வேறு என்ற வாதத்தை அரசுத் தரப்பு வைக்கும். அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

தனி அறையில் அதிகபட்சம் எத்தனை நாள்?

மூன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தனிமைச் சிறை என்ற தண்டனையை நீதிமன்றம் மட்டுமே விதிக்க முடியும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12 பிரிவுகளில் இருக்கிறது. மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தடவையில் 14 நாளைத் தாண்டக் கூடாது. கண்காணிப்பாளருக்கு இதில் வேலையே இல்லை.

செல் அடைப்பு கண்காணிப்பாளர் கொடுப்பது. 14 நாள் வரை. மற்றவர்களோடு பேச முடியாது, ஆனால் மற்றவர்களைப் பார்க்க முடிய வேண்டும். ஒருமுறை முடிந்ததும் குறைந்தது அதே அளவு நாள் இடைவெளி விட்ட பிறகுதான் அடுத்தது. பதினான்காம் நாள் மாலை திறந்து மறுநாள் காலை மீண்டும் பூட்டுவது சட்டமீறல்.

பிரித்து வைத்தல் மூன்று மாதம் வரை. இதில் தினமும் ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சி, இன்னொரு கைதியோடாவது சேர்ந்து சாப்பாடு என்று சட்டமே எழுதியிருக்கிறது. சுவரைப் பார்த்துத் தனியாகத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டால் அது பிரித்து வைத்தலைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ அர்த்தமுள்ள மனிதத் தொடர்பில்லாமல் அடைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது தடை செய்யப்பட்டது. இருட்டறை எத்தனை மணி நேரமானாலும் கூடாது.

விசாரணைக் கைதிக்கும் இதே விதிகளா?

சிறைக் குற்றப் பட்டியல் அவருக்கும் பொருந்தும். ஆனால் அவர் கையில் கூடுதலாக ஒரு ஆயுதம் இருக்கிறது: அவருடைய வழக்கு நடக்கும் நீதிமன்றம். காவல் நீட்டிப்புக்காக நேரிலோ காணொலியிலோ முன்னிறுத்தப்படும்போது நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லலாம். காணொலியில் பக்கத்தில் வார்டர் நிற்பார், பேசத் தயக்கம் வரும். அப்போது ஒரு வாக்கியம் போதும்: "ஐயா, நான் நேரில் வர அனுமதி வேண்டும்." காயம் இருந்தால் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம்.

விசாரணைக் கைதியை வேறு சிறைக்கு மாற்ற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் இயந்திரத்தனமாகத் தரப்படக் கூடாது, கைதியின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்று 2012-ல் சயீத் சோஹைல் ஷேக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

புகார் கொடுத்தால் "பொய்ப் புகார்" என்று திருப்பி வழக்குப் போடுவார்களா?

போடலாம். அலுவலர் மீதோ கைதி மீதோ வேண்டுமென்றே பொய்க் குற்றம் சாட்டுவது 45-வது பிரிவின்படி சிறைக் குற்றம்தான். பட்டியலிலேயே ஆபத்தான வகை என்று இதைச் சொல்வேன். அடி வாங்கியவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு வரியின் பயமே போதும்.

சட்டத்தில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருக்கிறது. புகார் நிரூபிக்கப்படவில்லை என்பதால் அது பொய் ஆகிவிடாது. பொய் என்று தெரிந்தே சொன்னார் என்று காட்ட வேண்டும். புகார் யார் மீதோ அவரே இதை விசாரிக்கவும் கூடாது. பழிவாங்கலுக்கு அஞ்சினால் புகாரைக் குடும்பத்தின் பெயரில், வெளியிலிருந்து, அமர்வு நீதிபதிக்கு அனுப்புவது நல்லது. சிறைக் குற்றம் கைதிக்கு மட்டுமே, தாய்க்குச் சிறைக் குற்றம் கிடையாது.

இந்தப் பதிவுகள் பரோலையும் முன்விடுதலையையும் கெடுக்குமா?

கெடுக்கும். நன்னடத்தையைப் பார்க்கும்போது தண்டனைப் பதிவேடுதான் முதலில் புரட்டப்படும். தண்டனைக் கழிவை இழப்பது நேரடியாகவே வெளியே வரும் நாளைத் தள்ளிப்போடுகிறது. அதனால் சின்னத் தண்டனைதானே என்று விட்டுவிட வேண்டாம். பத்து வருடம் கழித்து முன்விடுதலைப் பட்டியலில் பெயர் வராதபோது, அந்தப் பழைய பதிவை எதிர்க்கச் சாட்சி கிடைக்காது.

பதிவுகளின் நகல் எப்படிப் பெறுவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைதிக்கும் உண்டு. தன்னுடைய ஹிஸ்டரி டிக்கெட், தண்டனைப் பதிவேட்டில் தன்னைப் பற்றிய பக்கம், மருத்துவப் பதிவு, அமர்வு நீதிபதிக்கு அனுப்பிய கடிதம் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம், அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். குடும்பத்தார் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுக்க வாய்ப்புள்ளது. கைதியே கையெழுத்திட்டுக் கேட்பது பாதுகாப்பானது. கண்காணிப்புக் கேமரா பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கடைசியில் எங்கே போவது?

சிறைத்துறை சரக டி.ஐ.ஜி., அவருக்கு மேல் துறைத் தலைவர் என்று உள்ளுக்குள் ஒரு வழி இருக்கிறது. அதை முதலில் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், உடலுக்கு ஆபத்து இருக்கும்போது இல்லை. அமர்வு நீதிபதிக்கு மனு அனுப்பலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை ஆகியவை சென்னைக்கும், மதுரை, திருச்சி, பாளையங்கோட்டை ஆகியவை மதுரைக் கிளைக்கும் வரும். ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் மறைத்தால், ஆளை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. மனுவோடு இணைக்க வேண்டியவை அதிகமில்லை: மனு பார்க்க மறுத்த தேதிகள், நீங்கள் அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது, வந்த பதில் இருந்தால் அது, கடைசியாக நேரில் பார்த்தபோது அவர் உடம்பில் கண்ட காயங்களைப் பற்றி அன்றே தேதியிட்டு எழுதி வைத்த குறிப்பு.